ஒரே இடுப்புக்கு இரண்டு ரிப்போர்ட்

தேவகோட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு 61 வயது. இடுப்பு வலி, வலது காலுக்கு இறங்குகிறது. சித்திரையில் காரைக்குடியில் எடுத்த எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் எல்5-எஸ்1 டிஸ்க் பிதுங்கியிருப்பதாக எழுதியிருந்தது. கார்த்திகையில் மதுரையில் எடுத்ததில் அது எல்4-எல்5 ஆகிவிட்டது. கூடவே 'ஹீமாஞ்சியோமா' என்று புதிதாக ஒன்று. எதை நம்புவது? ஸ்கேன் எடுத்த டெக்னீஷியனிடம் கேட்டால் "டாக்டர் சொல்வார்" என்பதோடு சரி. கடைசியாக இன்னொன்று: பிளஸ் டூ முடித்த தம்பி இந்த ஸ்கேன் டெக்னீஷியன் படிப்புக்கே போகிறேன் என்கிறான், அனுப்பலாமா?

காரைக்குடிப் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டரில் பதினேழு வருடமாக எம்.ஆர்.ஐ. டெக்னீஷியனாக இருக்கிறேன். நோயைச் சொல்வது என் வேலை இல்லை. படம் எப்படி உருவாகிறது, எங்கே குழம்புகிறது என்பது என் வேலை. அந்த அளவில் இதைப் படியுங்கள்.

இரண்டு ரிப்போர்ட்டும் ஒரே டிஸ்க்கைப் பற்றித்தான் பேசுகின்றன என்பது என் முதல் சந்தேகம். முதுகெலும்பில் கழுத்துக்கு 7, மார்புக்கு 12, இடுப்புக்கு 5 என்று கணக்கு. அதற்குக் கீழே சேக்ரம். ரிப்போர்ட்டில் எல் என்பது இடுப்பெலும்பு, எஸ் என்பது சேக்ரம்; எல்5-எஸ்1 என்றால் ஐந்தாவது இடுப்பெலும்புக்கும் சேக்ரத்துக்கும் நடுவில் மெத்தைபோல இருக்கிற டிஸ்க். பெரும்பாலானவர்களுக்கு இந்தக் கணக்கு சரியாக வரும். சிலருக்கு வராது. ஐந்தாவது இடுப்பெலும்பு சேக்ரத்தோடு ஒட்டிக்கொண்டு பிறந்திருப்பார்கள். அல்லது சேக்ரத்தின் முதல் எலும்பு பிரிந்து வந்து ஆறாவது இடுப்பெலும்பு போல நிற்கும். இது நோய் இல்லை, பிறவி அமைப்பு. பலருக்கு ஸ்கேன் எடுக்கும்வரை தெரியவே தெரியாது.

நம் ஊர்ப் பெரிய வீடுகளில் வளவைச் சுற்றி வரிசையாக அறைகள் இருக்குமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் முகப்பிலிருந்து எண்ணுகிறார், இன்னொருவர் பின்கட்டிலிருந்து எண்ணுகிறார். எல்லா அறையும் இருந்தால் இருவருக்கும் ஒரே எண் வரும். கடைசி அறையைப் பின்கட்டோடு சேர்த்துச் சுவரை இடித்திருந்தால், ஒருவர் நான்காவது அறை என்பதை இன்னொருவர் ஐந்தாவது என்பார். அறை ஒன்றுதான். ஐந்தாவது எலும்பு ஒட்டியிருக்கும் முதுகில் கீழிருந்து எண்ணினால் கடைசி டிஸ்க் எல்5-எஸ்1. மேலிருந்து எண்ணினால் அதே டிஸ்க் எல்4-எல்5. உங்கள் இரண்டு ரிப்போர்ட்டும் அப்படியே பொருந்துகின்றன.

உறுதி செய்ய வழி இருக்கிறது. மதுரை ரிப்போர்ட்டில் 'சேக்ரலைசேஷன்' என்றோ 'டிரான்சிஷனல் வெர்டிப்ரா' என்றோ ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் இரண்டு சிடியையும் ஒரே ரேடியாலஜிஸ்ட்டிடம், அதாவது படம் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டரிடம், கொடுத்து, ஒரே முறையில் எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள். இங்கேதான் டெக்னீஷியனின் பங்கும் வருகிறது. இடுப்பை மட்டும் எடுத்தால் மேலிருந்து எண்ண முடியாது. ஒரு நிமிடம் கூடுதலாகச் செலவிட்டுக் கழுத்திலிருந்து இடுப்புவரை ஒரு பெரிய படம் எடுத்துவிட்டால், கழுத்தின் இரண்டாவது எலும்பிலிருந்து எண்ணிக்கொண்டே இறங்கலாம். அந்த எலும்பு மேலே முளை வைத்ததுபோல இருப்பதால் தப்பவே தப்பாது. கூட்டம் அதிகமான நாளில் பல இடங்களில் இதை விட்டுவிடுகிறார்கள். நானும் தொடக்க காலத்தில் விட்டிருக்கிறேன். ஆபரேஷன் வரை போகிற நோயாளிக்கு எண் தவறினால் கத்தி வேறு டிஸ்க்கில் விழும் என்று ஒரு சர்ஜன் நேரில் வந்து திட்டிய பிறகு விடுவதில்லை.

சரி, எண் தகராறு தீர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பிதுக்கம்தான் வலிக்குக் காரணமா? இதில்தான் பல குடும்பங்கள் தூக்கம் கெடுகின்றன. ரிப்போர்ட்டில் 'டெசிகேஷன்', 'டிஃப்யூஸ் பல்ஜ்', 'இன்டென்டிங் தீக்கல் சேக்' என்று ஒரு பக்கம் நிறைய வரும். பல்ஜ் என்றால் பிதுக்கம், தீக்கல் சேக் என்றால் நரம்புகளைச் சுற்றியிருக்கும் உறை. டெசிகேஷன் என்றால் காய்ந்துபோதல், அவ்வளவுதான். சின்ன வயதில் டிஸ்க்கின் நடுப்பகுதி பெரும்பாலும் தண்ணீர். தண்ணீரைப் பளிச்சென்று காட்டும் டி2 படத்தில் அது வெள்ளையாகத் தெரியும். வயதாக ஆகத் தண்ணீர் குறைந்து கறுக்கும், தலைமுடிக்கு நேர்மாறாக.

1994-இல் வெளியான ஓர் ஆய்வில் முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். எல்லா டிஸ்க்கும் சுத்தமாக இருந்தவர்கள் 36 சதவீதம்தான். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு எங்கேயாவது ஒரு பல்ஜ் இருந்தது. 2015-இல் இப்படிப்பட்ட ஆய்வுகளைச் சேர்த்து, வலியே இல்லாத மூவாயிரத்துச் சொச்சம் பேரின் படங்களைத் தொகுத்தார்கள். 20 வயதிலேயே 30 சதவீதம் பேருக்குப் பல்ஜ்; 60 வயதில் 69 சதவீதம்; 80 வயதில் 84. உங்கள் அம்மா வயதுக்காரர்களில் வலி இல்லாத பத்துப் பேரைப் படுக்க வைத்தாலும் ஏழு பேருக்கு இதே வார்த்தை வரும்.

மறுபடியும் அந்த வளவு வீட்டுக்கே வருவோம். நூறு வயது வீட்டுக்கு ஓர் எஞ்சினியரை அழைத்து "என்னென்ன இருக்கிறதோ எல்லாம் எழுதுங்கள்" என்றால், முட்டைச்சுண்ணாம்புப் பூச்சில் விரிசல், ஆத்தங்குடிக் கல்லில் தேய்மானம், பர்மாத் தேக்குத் தூணில் வெடிப்பு என்று பத்துப் பக்கம் எழுதுவார். எல்லாம் உண்மை. ஆனால் ஐப்பசி மழையில் இரண்டாங்கட்டில் ஒழுகுவது ஏதோ ஒரு ஓடு நகர்ந்ததால். எங்கே ஒழுகுகிறது என்று நீங்கள் சொன்னால்தான் அவர் நேராக அந்த ஓட்டுக்குப் போவார். ஸ்கேன் சீட்டில் டாக்டர் எழுதிய 'இடுப்பு வலி' என்ற இரண்டே சொல்லை வைத்து ரிப்போர்ட் எழுதுகிறவருக்கும், 'வலது கால், பெருவிரல் பக்கம் மரத்துப்போகிறது, மூன்று மாதம்' என்று தெரிந்து எழுதுகிறவருக்கும் கிடைக்கிற படம் ஒன்றேதான். எழுத்து மட்டும் வேறு.

இதற்கு ஒரு கடுமையான சான்றும் உண்டு. அமெரிக்காவில் 63 வயதுப் பெண்மணி ஒருவரை, காலுக்கு இறங்கும் முதுகுவலிக்காரர், மூன்று வாரத்துக்குள் பத்து வெவ்வேறு சென்டர்களில் எம்.ஆர்.ஐ. எடுக்க வைத்தார்கள். 2017-இல் வெளியான ஆய்வு. பத்து ரிப்போர்ட்டிலும் சேர்த்து 49 வகையான கண்டுபிடிப்புகள். பத்திலும் பொதுவாக இருந்தது ஒன்றுகூட இல்லை! இதைப் படித்துவிட்டு ஸ்கேனே பொய் என்று சொல்லக் கிளம்பிவிடாதீர்கள். படம் பார்ப்பது எடைபோடுவது போன்ற வேலை இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

ஹீமாஞ்சியோமா பற்றி: 'ஓமா' என்று முடிகிற எந்தச் சொல்லும் நம்மைப் பயமுறுத்துகிறது. முதுகெலும்புக்குள் இருக்கும் ரத்தக்குழாய் முடிச்சு அது, இடையிடையே கொழுப்பு. ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இருக்கும். கொழுப்பைப் பளிச்சென்று காட்டும் டி1, முன்பு சொன்ன டி2 இரண்டு படத்திலும் வெள்ளையாகத் தெரிந்தால் பெரும்பாலும் கேள்விக்கே இடமில்லை. எலும்பை விட்டு வெளியே வந்து நரம்பை அழுத்துகிற வகை அபூர்வம். அப்படி இருந்தால் ரிப்போர்ட்டில் தனியாக எழுதியிருப்பார்கள். ஏழெட்டு மாதத்தில் முளைத்திருக்காது. சித்திரையிலும் இருந்திருக்கும், முதலில் பார்த்தவர் எழுதத் தேவையில்லை என்று நினைத்திருக்கலாம். இதையும் பழைய சிடியே சொல்லிவிடும்.

ஒன்றை மட்டும் தள்ளிப் போடக்கூடாது. சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ, சிறுநீர் இறங்காமல் நின்றாலோ, தொடை இடுக்கில் உணர்வு குறைந்தாலோ, பாதம் தூக்க முடியாமல் தொய்ந்தாலோ, ரிப்போர்ட்டில் என்ன இருந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இனி, படமே பொய் சொல்கிற இடங்கள். என் தொழிலில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

இயந்திரம் செய்வது இவ்வளவுதான். 1.5 டெஸ்லா காந்தம், பூமியின் காந்தப்புலத்தைப் போல ஏறக்குறைய 30,000 மடங்கு. அதற்குள் படுக்கும்போது உடம்பிலுள்ள தண்ணீரிலும் கொழுப்பிலும் இருக்கிற ஹைட்ரஜன் அணுக்கருக்கள் நொடிக்கு ஆறு கோடியே நாற்பது லட்சம் முறை தலையாட்டுகின்றன. அதே அதிர்வெண்ணில் ரேடியோ அலையை அனுப்பி, அவை திருப்பிச் சொல்வதைக் காயில் (ஏரியல் போன்ற கம்பிச்சுருள்) வழியாகக் கேட்கிறோம். கோடைப் பண்பலை 100.5 என்று கேட்டு வளர்ந்தோமே, அதே இனம்; இது 64. எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சு கிடையாது. இந்த முறையில் படம் எடுக்கலாம் என்று காட்டிய பால் லாட்டர்பருக்கும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் 2003-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

ஆக, இது போட்டோ இல்லை, கேட்டு வரைவது. கேட்கும்போது யாராவது அசைந்தால் ஓவியம் பிசகும். வயிற்றில் துடிக்கிற பெரிய ரத்தக்குழாய் ஒவ்வொரு துடிப்புக்கும் தன் நிழலைப் படத்தின் ஒரே திசையில் வரிசையாகத் தெளித்துவிடும். அதில் ஒன்று எலும்பின் மேல் விழுந்தால் வட்டமாக ஒரு கட்டி போலவே இருக்கும். எங்கள் பாஷையில் அதற்கு 'கோஸ்ட்' என்று பெயர். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணன் ஒரே வரியில் சொல்வார்: "திசையை மாத்தி எடுத்துப் பாரு, இடம் மாறினா பேய், மாறலேன்னா நோய்." இன்றைக்கும் சந்தேகமான புள்ளி தெரிந்தால், நோயாளி மேஜையில் இருக்கும்போதே அந்த ஒரு சீக்வென்ஸைத் திசை மாற்றி எடுத்துவிடுகிறேன். நாலு நிமிடம் ஆகும். எடுக்காமல் அனுப்பினால் அந்தக் குடும்பம் நாலு வாரம் அலையும்.

தோள்பட்டையில் இன்னொரு வேடிக்கை. தசைநாண் காந்தத்துக்கு ஏறக்குறைய 55 டிகிரி சாய்வில் அமைந்துவிட்டால், நன்றாக இருக்கிற நாண்கூடச் சில படங்களில் வெளுத்து, சேதமானதுபோல் தெரியும். வேறு வகைப் படத்தில் பார்த்தால் வெளுப்பு காணாமல் போகும். தண்டுவடத்தின் நடுவே நீளமாக ஒரு கோடு ஓடி, நீர் கோத்ததுபோல் காட்டுவதும் உண்டு. படத்தைக் கொஞ்சம் நுணுக்கமாக எடுத்தால் அந்தக் கோடு மெலிந்துவிடும்.

உலோகத்தின் கதை தனி. ஒரு நாள் குன்றக்குடிப் பக்கத்திலிருந்து ஓர் ஆச்சி வந்தார், எழுபது இருக்கும். தாலிச் சங்கிலியைக் கழற்ற மனம் வரவில்லை. இதற்காகவே எங்கள் மேஜை டிராயரில் மஞ்சள் கயிறும் விரலி மஞ்சளும் எப்போதும் இருக்கும். கட்டிக்கொண்டு படுத்தார். தங்கத்தைக் காந்தம் இழுக்காது. ஆனால் படத்தைக் கெடுக்கும், சூடாகவும் வாய்ப்புண்டு என்பதால் எல்லாவற்றையும் கழற்றச் சொல்கிறோம். மூக்குத்தி, மெட்டி, தாயத்து, கொண்டை ஊசி எல்லாம் தட்டுக்கு வந்தன. முதல் படம் வந்தது. இடுப்பெலும்பு இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு பள்ளம், சுற்றிலும் கோடுகள் நெளிந்து. முன்பு ஆபரேஷன் ஆனதா என்று கேட்டோம், இல்லை என்றார். நிறுத்தி வெளியே கொண்டுவந்து, எங்கள் பெண் உதவியாளர் பார்த்தபோது பாவாடை நாடாவில் மஞ்சள் துணி முடிச்சு. முருகனுக்கு நேர்ந்துகொண்ட ஒரு ரூபாய்க் காசு. இப்போதைய ஒரு ரூபாய்க் காசு காந்தத்தில் ஒட்டுகிற எஃகு. "உள்ளே போகையில என்னமோ இழுத்தமாரி இருந்துச்சு, முருகன்தான்னு நெனச்சேன்" என்றார் ஆச்சி. எல்லோரும் சிரித்தோம். பிறகு நான் தனியாக உட்கார்ந்து வியர்த்தேன். கையால் தடவிப் பார்க்கும் காந்தம் அறை வாசலிலேயே தொங்குகிறது, அன்றைக்கு நான் எடுக்கவில்லை.

சிரிப்பதற்கு இல்லாத கதையும் உண்டு. 2018 ஜனவரியில் மும்பையில், உறவினரோடு ஆஸ்பத்திரிக்கு வந்த ஓர் இளைஞர் ஆக்சிஜன் சிலிண்டரோடு எம்.ஆர்.ஐ. அறைக்குள் போனார். காந்தம் சிலிண்டரையும் அவரையும் சேர்த்து இழுத்தது, உயிர் போய்விட்டது. இந்தக் காந்தத்துக்கு 'ஆஃப்' கிடையாது. திரவ ஹீலியத்தில் மைனஸ் 269 டிகிரியில் கிடக்கிற கம்பிச்சுருளில் மின்சாரம் தானாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். கரண்ட் போனாலும், ஞாயிற்றுக்கிழமை சென்டர் மூடியிருந்தாலும், தீபாவளி அன்றைக்கும்.

எல்லாப் புதிரும் இப்படி இயந்திரக் கோளாறு இல்லை. படம் சுத்தமாக இருந்தும் பதில் இரண்டாக இருக்கலாம். வலிப்பு வந்த இளைஞரின் மூளையில் மோதிரம் போல ஒரு சிறு வளையம் தெரியும். நம் நாட்டில் வெகுநாள் அதைக் காசநோய்க் கட்டி என்றே எண்ணி மாதக்கணக்கில் மருந்து கொடுத்தார்கள். 1980-களின் இறுதியிலும் 90-களின் தொடக்கத்திலும் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் அப்படிப்பட்ட கட்டிகளை எடுத்துச் சோதித்து, அவற்றில் பல, நாடாப்புழுவின் இளம்புழு தங்கியதால் வந்தவை என்று காட்டினார்கள். 20 மில்லிமீட்டருக்குக் குறைவா, ஓரம் ஒழுங்காக இருக்கிறதா, நோயாளிக்குத் தலைக்குள் அழுத்தம் கூடிய அறிகுறி உண்டா, உடம்பில் வேறெங்காவது காசநோய் உண்டா என்று படத்தையும் ஆளையும் சேர்த்துப் பார்க்கிற விதிமுறை அங்கிருந்து வந்தது.

அதனால்தான் நாங்கள் வாய் திறப்பதில்லை. "என்னப்பா தெரியுது? நல்லாத்தானே இருக்கு?" என்று மேஜையிலிருந்து இறங்குவதற்குள் கேட்காதவர் கிடையாது. உண்மையைச் சொன்னால், பல சமயம் எங்களுக்குத் தெரியும். பக்கவாதம் வந்தவரின் டிஃப்யூஷன் என்ற வகைப் படத்தில் வெள்ளைத் திட்டு எங்கள் கன்சோல் திரையில் விழுந்த நொடியே தெரியும். உடனே நோயாளியிடம் ஓடுவதில்லை, ரேடியாலஜிஸ்ட்டுக்குப் போன் போடுகிறோம். அந்த வெள்ளைகூடப் பழைய திட்டின் மிச்ச வெளிச்சமாக இருக்கலாம். துணைப் படத்தில் அது கறுப்பாக இருக்கிறதா என்று பார்த்தால்தான் புதியது என்று உறுதி. பாதி தெரிந்ததை நான் உளறி, ரிப்போர்ட் வேறாக வந்தால் அந்த இரவை யார் திருப்பிக் கொடுப்பது? உங்கள் அம்மாவுக்கு எடுத்தவர் பேசாமல் இருந்தது அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் "டாக்டர் சொல்வார்" என்பதைக் கொஞ்சம் முகம் பார்த்துச் சொல்லியிருக்கலாம், அதை ஒப்புக்கொள்கிறேன்.

உங்கள் தம்பிக்கு: அனுப்பலாம், ஆனால் இயந்திரம் பிடிக்கும் என்பதற்காக மட்டும் வேண்டாம். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் இமேஜிங் பி.எஸ்சி. படிப்பு இருக்கிறது, அரசு மருத்துவக் கல்லூரிகளில் டிப்ளமோவும் உண்டு. 2021-இல் துணை மருத்துவத் தொழில்களுக்கு என்று மத்திய அரசு தனிச் சட்டம் கொண்டுவந்தது. எங்கள் தொழிலும் அதில் வருகிறது. அதனால் அங்கீகாரம் இல்லாத ஆறுமாதச் சான்றிதழ் எதிலும் பணம் கட்டாதீர்கள், கட்டிய பிள்ளைகள் பின்னால் வருந்துவதைப் பார்க்கிறேன். படிப்பில் எக்ஸ்ரேயில் தொடங்கி எல்லாம் வரும், எம்.ஆர்.ஐ.க்குக் கடைசியில்தான் வருவான். சம்பளம் சின்ன ஊரில் மெதுவாகத்தான் ஏறும். ராத்திரி டியூட்டி உண்டு. சித்திரை வெயிலில் இயந்திரத்தைக் குளிர்விக்கும் சில்லர் நின்றுபோய் நடு ஸ்கேனில் இயந்திரம் படுத்துக்கொண்டால், வெளியே காத்திருக்கும் இருபது பேரிடம் பேச வேண்டியது டெக்னீஷியன்தான்.

பேச்சுதான் பாதி வேலை. குழாய்க்குள் போக மூச்சு முட்டுகிறது என்பவரைத் திட்டாமல் உள்ளே அனுப்ப வேண்டும். நோயாளியின் காலைத் தொட்டபடி நிற்கச் சொல்லி, சொந்தக்காரர் ஒருவரை நான் உள்ளேயே வைத்திருப்பேன், அவரையும் சோதித்துவிட்டுத்தான். ஒவ்வொரு சத்தத்துக்கும் முன்னால் "அடுத்தது நாலு நிமிஷம், டொக் டொக்னு கேக்கும்" என்று சொல்லிவிட்டால் பாதிப் பேர் அசைய மாட்டார்கள். பேஸ்மேக்கர் இருக்கிறதா, காதுக்குள் கருவி இருக்கிறதா, பட்டறையில் வேலை பார்த்துக் கண்ணில் இரும்புத்தூள் விழுந்ததுண்டா, சிறுநீரகம் எப்படி என்று ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்க வேண்டும். முதல் முறை எல்லோரும் "இல்லை" என்பார்கள்.

அம்மாவின் விஷயத்தில் அடுத்த வேலை: மூன்றாவது ஸ்கேன் வேண்டாம். இரண்டு சிடியும் கையில் இருக்கிறதல்லவா? எங்கே வலி, எந்த விரல் மரத்துப்போகிறது, எப்போதிலிருந்து என்று ஒரு தாளில் எழுதி, சிடிகளோடு எலும்பு அல்லது நரம்பு டாக்டரிடம் கொடுங்கள். ஃபிலிமைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுப் பரண்மேல் வைத்திருந்தால் எடுத்து விரித்து மெத்தைக்கடியில் வையுங்கள், ஒட்டிக்கொண்டால் ஒன்றுக்கும் ஆகாது. தம்பிக்கு ஆசை நிஜம் என்றால், பக்கத்தில் எந்த சென்டரிலாவது அனுமதி வாங்கி ஒரு நாள் கன்சோல் அறையில் உட்காரச் சொல்லுங்கள். பைக் சாவியை வெளியே வைத்துவிட்டுப் போகட்டும்.